முதலில் இடம், பிறகு முயல்

கோவை கணபதியில் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி, இவைதான் பிழைப்பு. இடையிடையே கூண்டு கேட்டும் ஆட்கள் வருவார்கள். முன்பெல்லாம் கோழிக்கும் புறாவுக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் கேட்பார்கள். இப்போது முயலுக்கும் கினி பிக்குக்கும் ஹாம்ஸ்டருக்கும் கேட்கிறார்கள். அப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் விலங்கை முன்பே வாங்கி வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அது அட்டைப்பெட்டிக்குள் முட்டைக்கோஸ் இலையோடு உட்கார்ந்திருக்கும். "ஒன்றரைக்கு ஒன்றரை போதுமுங்ணா, குட்டிதானுங்க, கை அகலம்கூட இல்லை" என்பார்கள்.

வேலையை இந்த வரிசையில் செய்வதுதான் தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இடத்தை முடிவு செய்துவிட்டு விலங்கை வாங்க வேண்டும். இடம் அமையவில்லை என்றால் வாங்கவே கூடாது.

கூண்டு ஏன் சிறிதாகிறது என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கிரில் வேலை கிலோக் கணக்கு. இரும்பின் எடைக்குத்தான் காசு, கூலியும் எடையோடு சேர்ந்தே ஏறும். அரையடி கூட்டினால் ஆங்கிள் கூடும், வலை கூடும், அடியில் வைக்கும் தகர ட்ரே பெரிதாகும். தொகையைக் கேட்டதும் வந்தவர் முதலில் குறைக்கச் சொல்வது நீளத்தைத்தான். அடுத்தது வீட்டில் உள்ள இடைவெளி. "வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துல ரெண்டடி சந்து இருக்கு, அதுக்குத் தக்க பண்ணிக் குடுங்க" என்று டேப் வைத்து அளந்த துண்டுச் சீட்டோடு வருவார்கள். சந்தின் அளவு சீட்டில் இருக்கும். முயலின் அளவு இருக்காது.

ஒரு மாதக் குட்டி உள்ளங்கையில் அடங்கும், உண்மைதான். நாலைந்து மாதத்தில் அதுவே இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். இங்கே வீடுகளுக்கு வரும் முயல்களில் பல, இறைச்சிக்கு வளர்க்கும் பெரிய இனங்களின் கலப்பு. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்றவை வளர்ந்தால் நாலு கிலோவையும் தாண்டும். நல்லபடியாக வைத்துக்கொண்டால் முயல் எட்டிலிருந்து பத்து வருடம் வாழும். இன்றைக்கு அடம்பிடித்து அதை வாங்க வைக்கும் மூன்றாம் வகுப்புப் பையன் கல்லூரிக்குப் போகும்போதும் அது இருக்கும். அவ்வளவு காலத்துக்கும் ஒன்றரை அடி என்று ஒரு நாள் மாலையில் நாம் முடிவு செய்கிறோம்.

பண்ணைக் கூண்டுப் படத்தைக் கைப்பேசியில் காட்டி "இதே மாதிரி" என்று கேட்பவர்களும் உண்டு. மூன்றடுக்கு, முழுக்கக் கம்பி வலை, தரையும் வலை, புழுக்கை கீழே விழும்படி. பண்ணைக்காரர் அதை அப்படி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நூறு முயலுக்குக் கீழே கூட்டிப் பெருக்க அவரிடம் ஆள் கிடையாது. அதோடு இறைச்சி முயலின் ஆயுள் பெரும்பாலும் மூன்று மாதம்தான். மூன்று மாதத்துக்கென்று யோசித்துச் செய்த தரையை, பத்து வருடம் வாழப்போகும் உயிருக்கு எப்படிப் போடுவது?

முயலின் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நாய்க்கும் பூனைக்கும் இருப்பது போன்ற மெத்தென்ற சதைத் திண்டு அதற்குக் கிடையாது. எலும்புக்கு மேல் தோல், தோலுக்கு மேல் அடர்ந்த முடி, அவ்வளவுதான். கம்பியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் பின்னங்கால் குதியில் முடி உதிரும், தோல் சிவக்கும், பிறகு புண் ஆகும். புண்ணுக்குள் சீழ் பிடித்து எலும்புவரை போய்விட்டால் ஆற்றுவது மிகவும் கடினம். கினி பிக்கின் பாதத்தில் முடிகூட இல்லை. அதற்கு வலைத்தரை இன்னும் கொடுமை, விரல் சிக்கி ஒடிவதும் உண்டு. எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவர் ஒருவர், பாதப் புண்ணோடு முயலைக் கொண்டுவந்தால் மருந்து எழுதும் முன் கூண்டின் தரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார். அவரிடமிருந்துதான் இந்த விஷயங்களில் பலவற்றைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன்.

தரை கெட்டியாக இருக்க வேண்டும், வழுக்கக் கூடாது. பிளைவுட் மேல் சாயம் போடாத கோரைப்பாயை விரிக்கலாம். கரூர்ப் பக்கம் நெய்வது எளிதாகக் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. முயல் அதைக் கடிக்கும், கடிக்கட்டும். கோரை புல்தான், வயிற்றுக்குள் போனாலும் பயமில்லை. நைலான் இழைப் பாய், நூல் பிரியும் பழைய துணி, பஞ்சு மெத்தை எதுவும் வேண்டாம், குடலில் சிக்கிக்கொள்ளும். வெறும் டைல்ஸ் தரை வெயில் காலத்துக்குக் குளிர்ச்சி, ஆனால் வழுக்கும். பாதி டைல்ஸ், பாதி பாய் என்று விட்டால் அதற்கு வேண்டிய இடத்தை அதுவே தேடிக்கொள்ளும்.

நீளத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் 1964ல் ரூத் ஹாரிசன் என்ற பெண்மணி, பண்ணைகளில் கோழியும் கன்றும் அடைக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நாடே அதிர்ந்துபோய், அரசு ஒரு குழு அமைத்தது. அடுத்த ஆண்டு வந்த பிராம்பெல் குழு அறிக்கை, பண்ணை விலங்குக்குக் குறைந்தபட்சம் ஐந்து அசைவுகளுக்காவது இடம் வேண்டும் என்றது: எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள, கைகால்களை நீட்ட. வளர்ந்த முயலை ஒன்றரை அடிக் கூண்டில் வைத்து இந்த ஐந்தையும் சோதித்துப் பாருங்கள். முயல் எழுந்து நிற்பது என்றால் பின்னங்காலில் நிமிர்ந்து, காதையும் தூக்கி, சுற்றும் முற்றும் பார்ப்பது. அதற்கே இரண்டரை அடி உயரம் வேண்டும். கால் நீட்டிப் பக்கவாட்டில் சரிந்து படுக்கும்போது மூக்கிலிருந்து பின்பாதம் வரை இரண்டடி வந்துவிடும். இது உணவுக்காக வளர்க்கும் விலங்குக்கு அறுபது வருடம் முன்பே கேட்கப்பட்ட குறைந்தபட்சம். பெயர் வைத்து, மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் உயிருக்கு அதையும் தராமல் இருக்கிறோம்.

முயல் நடக்கிற விலங்கும் இல்லை. அது தத்தித் தத்தி ஓட வேண்டும், திடீரென்று காற்றில் துள்ளி உடம்பை முறுக்கிக் குதிக்க வேண்டும். குதிக்காத முயலின் எலும்பு மெலியும், முதுகெலும்பு வளையும். இங்கிலாந்தில் முயல் நலனுக்காக இயங்கும் சங்கம் இரண்டு முயலுக்குச் சொல்லும் அளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். நம் கணக்கில் பத்தடிக்கு ஆறடி, மூன்றடி உயரம்.

இதைச் சொன்னதும் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று: "அவ்வளவு பெரிய கூண்டுக்கு நாங்க எங்கண்ணா போறது?" பட்டறைக்காரனாக இதற்கு என்னிடம் கணக்கு இருக்கிறது. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு கூண்டு செய்தால், மேலே கீழே நான்கு பக்கம் எல்லாம் சேர்த்து 40 சதுர அடி வலை போகும். முயலுக்குக் கிடைக்கும் தரை 8 சதுர அடி. அதே முயலுக்கு அறையின் ஒரு மூலையை ஒதுக்குங்கள். இரண்டு பக்கம் வீட்டுச் சுவரே இருக்கிறது. மீதி இரண்டு பக்கத்துக்கு, ஒன்று பத்தடி, ஒன்று ஆறடி, மூன்றடி உயரத்தில் வலைச் சட்டம் அடித்து நிறுத்தினால் போதும். போகும் வலை 48 சதுர அடி. கிடைக்கும் தரை 60 சதுர அடி. கூரை வேண்டாம், கால் வேண்டாம், தகர ட்ரே வேண்டாம். எட்டு சதுர அடிக் கூண்டுக்கு ஆகும் செலவிலேயே அறுபது சதுர அடி கிடைத்துவிடுகிறது. அறை சிறியது என்றால் ஆறுக்கு நாலு எடுங்கள், வலை 30 சதுர அடியில் முடிந்துவிடும், தரை 24. அப்படி வைத்தால் தினமும் சில மணி நேரமாவது சட்டத்தைத் திறந்துவிட்டு அறை முழுக்க ஓட விட வேண்டும். சட்டங்களைக் கொண்டியால் கோத்துவிட்டால் விருந்தினர் வரும்போது மடக்கி வைக்கலாம்.

ஒரு மூலையில் வைக்கோல் போட்ட தட்டு வைத்தால் முயல் பெரும்பாலும் அங்கேயே மூத்திரம் போகப் பழகிக்கொள்ளும், கருத்தடை செய்த முயல் இன்னும் சீக்கிரம் பழகும். சுவரின் அடிப்பூச்சைப் பிராண்டும், அதற்கு ஓரமாக ஒரு பலகையைச் சாத்தி வையுங்கள். கரண்ட் ஒயர் எட்டும் தூரத்தில் இருக்கவே கூடாது.

எனக்கு ஆர்டர் கிடைக்காத இடத்துக்கு இப்போது வருகிறேன். ஹாம்ஸ்டருக்குக் கம்பிக் கூண்டே பொருந்தாது.

இன்று உலகம் முழுக்க வீடுகளில் இருக்கும் சிரியன் ஹாம்ஸ்டர்கள் கிட்டத்தட்ட எல்லாமே, 1930ல் சிரியாவின் அலெப்போ பக்கம் ஒரு கோதுமை வயலைத் தோண்டி எடுத்த ஒரு தாயின் குட்டிகளிலிருந்து வந்தவை. எடுத்தவர் ஜெருசலேமைச் சேர்ந்த இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியல் அறிஞர். அந்த வயல்களில் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், வளைகள் சராசரி இரண்டடி ஆழம் போவதையும், ஒவ்வொரு வளையிலும் வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒன்றே ஒன்று இருப்பதையும் பார்த்தார்கள். அதாவது இது தனியாக, மண்ணுக்கடியில் வாழும் பிராணி. நாம் என்ன செய்கிறோம்? ஜோடியாக வாங்கி, வெளிச்சத்தில், இரண்டு அங்குல மரத்தூளின் மேல் விடுகிறோம். வளர்ந்த சிரியன் ஹாம்ஸ்டர்கள் இரண்டைச் சேர்த்து அடைத்தால் ஒன்றையொன்று கொல்லும்வரை போகும். "ஜோடியா எடுத்தாத்தான் சந்தோசமா இருக்கும்" என்று சொல்லி விற்கும் கடைக்காரர் இதைத் தெரிந்துகொள்ளாமல் விற்கக் கூடாது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்து 2006ல் வெளியிட்டார்கள். ஹாம்ஸ்டர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தூள், அடுத்ததற்கு 40, மூன்றாவதற்கு 80 என்று நிரப்பினார்கள். 10 சென்டிமீட்டரில் இருந்தவை மற்றவற்றைவிட அதிகம் கம்பியைக் கடித்தன. 80 சென்டிமீட்டரில் இருந்தவை ஒரு முறைகூடக் கடிக்கவில்லை. நம் வீடுகளில் ராத்திரி "கறக் கறக்" என்று கம்பி கடிக்கும் சத்தம் கேட்டால் குழந்தைகள் சிரிக்கின்றன, பல் தேய்த்துக்கொள்கிறது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கீழே தோண்டப் போதுமான ஆழம் இல்லாத ஒரு உயிர் கம்பியைக் கடிக்கிறது என்று அந்தச் சோதனை நமக்குக் காட்டுகிறது.

எண்பது சென்டிமீட்டர் எல்லோராலும் முடியாது. ஒரு அடி ஆழமாவது போட முடியும். கம்பிக் கூண்டில் அவ்வளவு தூளைக் கொட்டினால் வெளியே சிந்திவிடும். அதனால் ஹாம்ஸ்டருக்கு என்று கேட்டு வருபவர்களை நான் மீன்தொட்டிக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். ஒழுகுகிறது என்று ஓரமாகப் போட்டிருக்கும் பழைய நாலடித் தொட்டி குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஹாம்ஸ்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போவதில்லை, ஒழுகினால் என்ன? மேலே மட்டும் வலை மூடி வேண்டும், காற்று போக. அதை நான் செய்து தருவேன். ஜெர்மனியின் விலங்குநலக் கால்நடை மருத்துவர் சங்கம் சொல்லும் குறைந்தபட்சம் 100 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 50 உயரம். கடையில் சிவப்பும் நீலமுமாகக் குழாய், மாடி, ஏணி எல்லாம் வைத்து விற்கும் பிளாஸ்டிக் கூண்டுகளில் பலவற்றின் தரையை அளந்தால் இதில் பாதிகூடத் தேறாது. சக்கரமும் அப்படித்தான். சிரியன் ஹாம்ஸ்டர் முதுகு வளையாமல் ஓடக் கிட்டத்தட்ட பதினொரு அங்குல விட்டம் வேண்டும், ஓடும் பரப்பு இடைவெளி இல்லாத பட்டையாக இருக்க வேண்டும். படிக்கம்பி வைத்த சக்கரத்தில் கால் மாட்டிக்கொள்ளும்.

தூள் விஷயத்தில் ஒன்று. மர அறுவை மில்லில் சும்மா தருகிறார்களே என்று மாவு போன்ற தூளைக் கொட்டாதீர்கள். அது மூக்கிலும் நுரையீரலிலும் போய் அடையும். சுருள் சுருளாக வரும் சீவல் வேண்டும், வாசம் அடிக்கும் மரமாக இருக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் அச்சு இல்லாத காகிதத்தைக் கிழித்து, நறுக்கிய வைக்கோலோடு கலந்து போடுங்கள். அந்தக் கலவையில் வளை இடியாமல் நிற்கும்.

கினி பிக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அதற்கு வேண்டியது எளிமையானது. அது ஏறாது, தாவாது. ஆண்டிஸ் மலைப் பக்கத்துப் புல்வெளிப் பிராணி, புல்லுக்குள் ஓடி ஒளிவதுதான் அதன் வாழ்க்கை. மூன்று மாடிக் கூண்டு அதற்கு வீண் இரும்பு. இரண்டுக்கு நாலடிக்கு இரண்டடித் தரையாவது இருக்க வேண்டும், அதற்குக் கீழே நான் செய்வதில்லை. ஒளிந்துகொள்ள ஆளுக்கு ஒரு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வாசல். ஒரு வாசல் மட்டும் இருந்தால் வலுத்தது இளைத்ததை உள்ளே மறித்துக்கொள்ளும். தனியாக வைக்கக் கூடாது. கூட்டமாக வாழும் இந்தப் பிராணியைத் துணையில்லாமல் வளர்க்கக் கூடாது என்று சுவிட்சர்லாந்து 2008ல் சட்டவிதியே கொண்டுவந்தது. துணை என்றால் இரண்டு பெண், அல்லது கருத்தடை செய்த ஆணோடு பெண். கடையில் ஆண் பெண் பார்த்துத் தருவதை நம்ப முடியாது. இரண்டு மாதம் கழித்து ஆறாகிவிட்டது என்று கூண்டைப் பெரிதாக்க வருபவர்கள் நிறைய. முயலில் இது இன்னும் வேகம், ஒரே மாதத்தில் ஈனும், ஈன்ற கையோடு மறுபடி சினை பிடிக்கும். மருத்துவரிடம் காட்டிப் பார்த்துவிட்டு இடத்தைத் திட்டமிடுங்கள்.

கூண்டுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லாதீர்கள். பெண் குழந்தைக்கு ரோஸ் கலர் வேண்டும் என்கிறார்கள். பல் வளர்ந்துகொண்டே இருக்கும் விலங்கு, கிடைத்த இடத்தையெல்லாம் கடித்துக்கொண்டேதான் இருக்கும், பெயின்ட் வயிற்றுக்குள் போகும். துத்தநாகம் பூசிய வெல்டுமெஷ் போதும். அதையும் புதிதாக வாங்கியதும் வினிகர் தொட்டுத் தேய்த்துக் கழுவிக் காய வைத்துவிட வேண்டும், உதிரும் பூச்சு போய்விடும். வலை வெட்டிய முனைகளை அரம் போட்டு மழுக்கச் சொல்லி, உங்கள் விரலாலேயே தடவிப் பார்த்து வாங்குங்கள்.

எங்கே வைப்பது என்பதில்தான் உயிர் போகிறது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி, கம்பளி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இரண்டிலும் முயல் வளர்க்கிறார்கள். நான் மேலே சொன்ன ஒயிட் ஜெயன்ட்டும் சோவியத் சின்சில்லாவும் அங்கே இருப்பவைதான். இரண்டும் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாத ஊர்கள். அந்தக் குளிரில் நன்றாக இருக்கும் விலங்கை ஏப்ரல் மாதம் 38 டிகிரி அடிக்கும் ஊரில், மேற்குப் பார்த்த பால்கனியில், மேலே தகர ஷீட் போட்டு வைக்கிறோம். முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியே தள்ளும். 30 டிகிரி தாண்டினாலே அதற்குச் சிரமம் தொடங்கிவிடும், கினி பிக்குக்கு அதற்கும் முன்பே. மதியம் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன நேரத்தில், பால்கனியில் வெயில் தாக்கிச் செத்துக் கிடந்தது என்று சொல்லிக்கொண்டு காலிக் கூண்டைத் திருப்பி விற்க வருகிறார்கள். அந்தக் கூண்டுகளை வாங்கிப் பழைய இரும்போடு போடும்போது மனசு ஆறுவதில்லை.

வீட்டுக்குள், கிழக்கு அல்லது வடக்குப் பக்க அறையில், நேர் வெயில் படாத தரையில் வையுங்கள். ஒரு மண்பானையைப் படுக்க வைத்துவிடுங்கள், வெயில் நேரத்தில் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் போடலாம். டிவிக்குப் பக்கத்தில் வேண்டாம், சமையலறையில் தாளிக்கும் புகை அடிக்கும் இடத்திலும் வேண்டாம். ஜூனிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும்போது, சாரலும் காற்றும் நேராக அடிக்கும் ஜன்னலுக்குக் கீழேயும் வேண்டாம்.

தோட்டம் இருக்கிறவர்கள் வெளியே விட ஆசைப்படுவார்கள். பகலில், நிழலில், ஆள் இருக்கும்போது விடலாம், அதைவிட நல்லது எதுவுமில்லை. ராத்திரி விடுவதானால் அரை அங்குல வலை, அடியிலும் வலை பதித்து மேலே மண் போட்டு மூட வேண்டும். ஒரு அங்குல வலைக்குள் பாம்பு வரும். பெருச்சாளி அடியில் குடைந்து வரும். கோழி வலையை நாய் கிழித்துவிடும். வெறும் கொக்கியைப் பூனை தட்டித் திறக்கும், நகர்த்தும் தாழ்ப்பாளும் அதற்கு ஒரு பூட்டும் வேண்டும். கடிபடாவிட்டாலும், கூண்டைச் சுற்றி நாய் வட்டம் போட்டாலே பயத்தில் முயல் இறந்துபோவது உண்டு.

இவ்வளவையும் வாங்க வருபவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11வது பிரிவில், அசைந்து நடமாடப் போதுமான உயரம், நீளம், அகலம் இல்லாத கூண்டில் விலங்கை அடைப்பது குற்றம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அன்றைக்கு அது பணமாக இருந்திருக்கும். இன்றைக்கு நாலு பேர் டீ குடித்தால் ஆகும் காசு. 2018ல் செல்லப்பிராணிக் கடைகளுக்கு விதிகள் வந்தன. கடை நடத்துபவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அந்த விதி. கடைக்குள் விலங்கை எப்படி வைக்க வேண்டும் என்பதற்கு அதில் கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் அந்த விலங்கு மீதி வருடங்கள் முழுக்க வாழப்போகும் கூண்டை யாரும் எந்த அளவிலும் செய்யலாம், எந்தப் படத்தையும் ஒட்டி விற்கலாம்.

நான் கேட்பது ஒரு சீட்டு. விற்கும் ஒவ்வொரு கூண்டிலும், கடையில் விற்றாலும் இணையத்தில் விற்றாலும் எங்களைப் போன்ற பட்டறையில் செய்தாலும், மூன்று விவரம் எழுதியிருக்க வேண்டும்: உள்ளே தரையின் சதுர அடி, எந்த விலங்குக்கு, நன்றாக வளர்ந்த பிறகு எத்தனை. வாரியம் ஒரு அளவுப் பட்டியல் வெளியிடட்டும். அதற்குக் கீழே உள்ளதில் முயல் படமோ ஹாம்ஸ்டர் படமோ போடக் கூடாது என்று சொல்லட்டும். ஒரு பாக்கெட் பிஸ்கட்டில் எடையும் தேதியும் இல்லாமல் விற்க முடியாத நாட்டில் இது பெரிய காரியம் இல்லை. எங்கள் தொழிலில் எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிதாகச் செய்தால் எங்களுக்கு வேலை கூடும், மூலைச்சட்டம் அடித்தால் வாங்குபவருக்குக் காசு மிஞ்சும்.

இடம் இல்லாத வீட்டுக் குழந்தைகள் ஆசைப்படக் கூடாதா என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். ஆசைப்படலாம். மீன் வளர்க்கலாம் என்று நான் சொல்லவில்லை, மீனுக்கும் இதே கணக்கு உண்டு. மூலை ஒதுக்க முடியாத வீட்டில் முயல் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நாலடித் தொட்டி ஒன்று வைக்க மேசை இருந்தால் ஒற்றை ஹாம்ஸ்டர் வளர்க்கலாம், இரண்டு மூன்று வருட ஆயுள், ராத்திரிதான் வெளியே வரும், குழந்தை தூங்கப் போகும் முன் சற்று நேரம் பார்க்கலாம். அதுவும் முடியாது என்றால் இப்போதைக்கு வாங்காமல் இருப்பது அந்தக் குழந்தைக்கும் ஒரு பாடம்தான். அவர் முகம் வாடியது. ஆனாலும் ஆர்டர் கொடுக்காமல் போனார்.

ஏற்கெனவே சின்னக் கூண்டில் முயலோ கினி பிக்கோ வைத்திருப்பவர்கள் கூண்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தரை வலைக்கு மேல் பலகையும் பாயும் போடுங்கள். கூண்டை மூலைச்சட்டத்துக்குள் இறக்கித் தரையில் வைத்து, அதைப் படுக்கையறையாக விட்டுவிடுங்கள். வைக்கோலும் தண்ணீரும் அங்கேயே இருக்கட்டும், பழகிய இடம் என்பதால் பயந்தால் அதற்குள்தான் ஓடும். கதவை மட்டும் எடுத்துவிட வேண்டும், சாத்திக்கொண்டால் வெளியே மாட்டிக்கொள்ளும். நாங்கள் செய்யும் கூண்டுகளில் கதவு வெறும் கம்பிக் கீலில்தான் தொங்கும். இடுக்கியால் கம்பியை நிமிர்த்தினால் கையோடு வந்துவிடும்.